ஏதென்ஸ் அக்ரோபோலிஸ்: சாரத்தையும் சேர்த்துப் பாருங்கள்

ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றின்மேல் இருக்கும் பழைய கிரேக்கக் கோயிலான பார்த்தினானைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் பலர், "சுற்றிலும் சாரம், நடுவில் கிரேன், போட்டோவே கெட்டுப்போச்சு" என்று குறைப்படுகிறார்கள். நான் இரண்டு நாள் போனேன். கொடுத்த காசுக்கு மேல் எனக்குக் கிடைத்ததே அந்தச் சாரமும் கிரேனும்தான்.

பல் லேபில் கேப் செய்வது என் தொழில். பிளாஸ்டரில் அளவு வார்த்து, பல்லோடு இம்மி பிசகாமல் பொருத்த வேண்டும். அங்கே கோயிலைப் பழுதுபார்க்கும் கல்தச்சர்கள் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். உடைந்த பழைய கல்லை அவர்கள் சமமாக அறுத்துவிடுவதில்லை. விட்டுப்போன பகுதியை முதலில் பிளாஸ்டரில் வார்த்து, புள்ளி புள்ளியாக அளவெடுத்து, அதே மேடுபள்ளத்தைப் புதுச் சலவைக்கல்லில் செதுக்குகிறார்கள். பிறகு டைட்டானியம் கம்பி செருகி ஒட்டுகிறார்கள். செயற்கைப் பல்லுக்கு வேராகத் தாடையில் வைக்கும் இம்பிளான்ட்டுக்கும் அதே உலோகம்தான்!

ஏன் டைட்டானியம்? பழைய கிரேக்கர்கள் கற்களை இரும்புக் கவ்வியால் பிணைத்து, சுற்றிலும் ஈயம் ஊற்றினார்கள். 1687இல் வெனிஸ் படை சுட்டதில், உள்ளே துருக்கியர் சேர்த்து வைத்திருந்த வெடிமருந்து வெடித்துக் கோயில் சிதறியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிக்கோலாஸ் பலானோஸ் என்ற பொறியாளர் அதை எடுத்து நிறுத்தியபோது, ஈயக் காப்பு இல்லாமல் இரும்பைப் போட்டார்கள். அது துருப்பிடித்து உப்பி, கல்லையே பிளந்துவிட்டது. 1975இல் அமைந்த குழுவின் வழியாக, அந்த இரும்பை எடுத்துவிட்டு, துருப்பிடிக்காத டைட்டானியம் வைத்துக் கோயிலை மறுபடி சீராக்கி வருகிறார்கள்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றே ஒரு தூணில் அந்த ஒட்டு தெரிந்தது. பழைய கல் தேன் நிறம், புதுக் கல் பால் வெள்ளை. இரண்டும் பென்டெலி மலைக் கல்தான். பழசு என்று ஏமாற்ற புதுசுக்குச் சாயம் பூசவில்லை. அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்தது. கோயிலின் தளமே நடுவில் லேசாக மேடேறி வளைந்திருக்கிறது, தூண்களும் உள்பக்கம் சாய்ந்திருக்கின்றன. அதனால் ஒரு கல்லின் இடத்தில் இன்னொன்று சரியாக உட்காராது. பல் வரிசையைப் போலத்தான். பத்து நிமிடம் அந்த ஒட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் நாள் கூட வந்த வழிகாட்டி, சாரத்தைக் காட்டி "ரிப்பேர் நடக்குது" என்றதோடு சரி. நாற்பது நிமிடத்தில் எங்களைக் கீழே இறக்கிவிட்டார். அது பெரிய வருத்தம். மறுநாள் தனியாகப் போய், வேலையை விளக்கும் பலகைகளை நிதானமாகப் படித்த பிறகுதான் இதெல்லாம் புரிந்தது.

நுழைவுச்சீட்டு 2025 ஏப்ரலில் இருந்து 30 யூரோ. நேரம் குறித்து இணையத்திலேயே எடுத்துவிடுங்கள். கோடையில் காலை எட்டு மணிக்கே ஏறிவிடுவது நல்லது. கல் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, பிடிப்பான செருப்பு முக்கியம். நடக்க முடியாதவர்களுக்கு லிப்ட் உண்டு.

அப்புறம் கீழே இருக்கும் அருங்காட்சியகம். அதற்குத் தனிச் சீட்டு, அவசியம் போங்கள். அதே குன்றில் இருக்கும் எரெக்தியான் கோயிலின் ஒரு மண்டபக் கூரையைத் தலையில் தாங்கிய ஆறு பெண் சிலைகளில் ஐந்து இங்கே இருக்கின்றன. ஆறாவது லண்டனில், அதன் இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறார்கள். 2011 முதல் இந்தச் சிலைகளின் அழுக்கை லேசரால் நீக்கியபோது, வேறெங்கும் கொண்டுபோகாமல் இதே கூடத்தில் வைத்தே செய்தார்களாம். பின்பக்கம் போய்ப் பாருங்கள்: தடித்த பின்னல்கள் முதுகில் இறங்குகின்றன. மெல்லிய கழுத்து அத்தனை பாரம் தாங்க அந்தப் பின்னல்தான் துணை.

மேல் மாடியில் பார்த்தினானின் சிற்ப வரிசை, கோயிலில் இருந்த அதே அளவில், அதே திசையில். தேன் நிறம் என்றால் அசல், வெள்ளை என்றால் பிளாஸ்டர் வார்ப்பு. கண்ணாடிச் சுவர் வழியே பார்த்தால் எதிரே குன்றின்மேல் கோயிலும் தெரியும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.