ஹிமாலயனில் நாலு வருஷம் சுமை கட்டி ஓட்டிய அனுபவம்: ட்ரெய்லர் ஆசை, சைடு பாக்ஸ், ஆரல்வாய்மொழிக் காற்று

2021-ல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் எடுத்தபோதே பின்னால் ஒரு சின்ன ட்ரெய்லர் கோர்த்து இழுக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துப் பக்கம் வீடு. மாமா தேனீ வளர்க்கிறார். மாதம் ஒருமுறையாவது நெல்லைக்கோ மதுரைக்கோ போவேன், போகும்போது தேன், மட்டிப்பழம், கிராம்பு என்று சொந்தக்காரர்களுக்கு ஏதாவது இருக்கும், அதற்கு மேல் என் டென்ட், அடுப்பு, மாற்றுத்துணி. லேத்தில் பேசி அளவெல்லாம் எடுத்துவிட்டேன்.

அப்புறம் விசாரிக்க விசாரிக்க ஆசை இறங்கியது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் கழற்றி மாட்டும் சைடுகார் பைக்கின் பகுதியாகவே வருகிறது. ட்ரெய்லர் அப்படி இல்லை, அது தனி வாகனம். வெல்டிங் அடித்து நம்பர் இல்லாமல் ரோட்டில் இறக்கினால் நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸில் மாட்டிக்கொள்வோம். இன்னொன்று நம் ரோடு. பைக் சாயும்போது ட்ரெய்லர் கூடச் சாயாமல் நிற்க கொக்கியில் சுழலும் இணைப்பு வேண்டும், ட்ரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கிமேல் உட்காரவேண்டும், இல்லாவிட்டால் வால் ஆட ஆரம்பிக்கும். பிரேக் இல்லாத ட்ரெய்லர் வண்டியை முன்னால் தள்ளும், நிறுத்த அதிக தூரம் பிடிக்கும். வளைவில் அதன் சக்கரம் உள்பக்கம் வெட்டிப் போகும். பேச்சிப்பாறை போகிற வழியில் ரப்பர் தோட்டத்துக்குள் வளைந்து வளைந்து ஏறும் ரோட்டை நினைத்துப் பார்த்தேன். குழியைத் தவிர்த்து நான் ஓட்டுவது ஒரு சக்கரத்தடம், பின்னால் வருவது இன்னும் இரண்டு தடம். வேண்டாம் என்று முடிவு செய்து இரண்டு அலுமினிய சைடு பாக்ஸ், ஒரு டாப் பாக்ஸ் போட்டேன். இன்றைக்கு 38,000 கிலோமீட்டர் ஆகிறது.

முதல் வருஷம் நான் செய்த பெரிய தப்பை விவரமாகச் சொல்லவேண்டும். ஆடி மாதம், தேன் எட்டு பாட்டில், ஒவ்வொன்றும் ஒரு லிட்டர். எட்டு கிலோதானே என்று நினைத்து டாப் பாக்ஸில் அடுக்கிவிட்டேன், எடுக்க வசதி என்று. தண்ணீர்தான் லிட்டருக்கு ஒரு கிலோ. தேன் ஏறக்குறைய 1.4 கிலோ. ஆக பதினொரு கிலோவுக்கு மேல், பாட்டில் எடை தனி. பெட்டிக்கு அடியில் 5 கிலோ என்று ஸ்டிக்கரே ஒட்டியிருந்தது, நான் படிக்கவில்லை. நாகர்கோவில் தாண்டி ஆரல்வாய்மொழி வரை ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று முதுகில்தான் தள்ளும். கன்னியாகுமரியில் ஒரு நண்பருக்கும் கொடுக்கவேண்டியிருந்ததால் காவல்கிணறில் திரும்பி நாலுவழிச் சாலையில் தெற்கே பிடித்தேன். அங்கே காற்று வலப்பக்கத்திலிருந்து நேராக மோதுகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை முப்பந்தல் காற்றாலைகளைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களைவிட அந்த ரோட்டில் பைக் ஓட்டியவர்களுக்கு நன்றாகத் தெரியும். வேகம் 75-ஐத் தாண்டியதும் ஹேண்டில்பார் லேசாக இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது, இறுக்கிப் பிடித்தேன், ஆட்டம் கூடியது. பின்னால் ஒரு லாரி. பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலேட்டரை மெதுவாக விட்டு, பிடியைத் தளர்த்தி, டேங்க்மேல் குனிந்த பிறகுதான் 50-க்கு வந்து அடங்கியது. இறங்கி நின்றபோது கால் நடுங்கியது.

மாமாவிடம் சொன்னேன். தேனீ வளர்ப்புக்கு முன்னால் அவர் இருபது வருஷம் லாரி ஓட்டியவர். "கனத்தை உச்சியில கொண்டு வச்சா ஆடத்தான் செய்யும் மக்கா. கீழ போடு, உன் பக்கத்துல போடு" என்றார். விஷயம் அவ்வளவுதான். பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் எடை நெம்புகோல் போல முன்சக்கரத்தைத் தூக்கும், முன்டயருக்குப் பிடிமானம் குறையும். உயரத்தில் இருக்கும் பெட்டியைக் காற்று பாய்மரம் மாதிரி பிடித்துத் தள்ளும். இப்போது தேன் சைடு பாக்ஸில், அடியில், முன்பக்கத்து மூலையில். இரண்டு பக்கத்தையும் வீட்டுத் தராசில் நிறுத்து ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வராமல் பார்த்துக்கொள்கிறேன். டாப் பாக்ஸில் மழைக்கோட்டும் ரொட்டி பாக்கெட்டும்தான். அதே ரோட்டில் அதே ஆடியில் அதற்குப் பிறகு மூன்று முறை போய்விட்டேன், காற்று தள்ளுகிறது, ஆனால் வண்டி ஆடவில்லை. அந்தப் பகுதியில் 65-க்கு மேல் போவதும் இல்லை.

சுமை ஏற்றினால் பின் சஸ்பென்ஷனில் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவை, கூட்டவேண்டும். ஒருநாள் ராத்திரி தக்கலை வரும் வரை எதிரே வந்தவர்களெல்லாம் லைட்டை அடித்துக் காட்டினார்கள், லோ பீமில்தானே போகிறேன் என்று எனக்குக் கோபம். நிறுத்திப் பார்த்தால் பின்பக்கம் அமுங்கி என் ஹெட்லைட் மரக்கிளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எதிரே வருபவர் கண்ணைக் கூசவைத்து நாம் போகக்கூடாது. டயர் காற்றும் அப்படித்தான், வண்டிப் புத்தகத்தில் ஆள் ஏற்றினால் எவ்வளவு என்று போட்டிருக்கும் அளவை, டயர் சூடாகும் முன்னால், வீட்டருகே பிடித்துவிடுங்கள்.

அகலம். ஹேண்டில்பாரை விடப் பெட்டிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நமக்குத்தான் மறந்துபோகும். மார்த்தாண்டம் சந்தைக்குள் ஒரு ஆட்டோவை உரசிவிட்டேன், இப்போது மேம்பாலத்திலேயே போய்விடுகிறேன்.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு தொல்லை உப்புக்காற்று. குளச்சல், முட்டம் என்று கடலோரமாக ஓட்டுகிறவர்கள் கவனிக்கவேண்டும். அலுமினியப் பெட்டியில் துருப்பிடிக்காத எஃகு போல்ட் போட்டால் கவலையில்லை என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டாம் வருஷம் ஒரு போல்ட்டைக் கழற்றினேன், வரவில்லை, எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டி எடுத்தால் மரையில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் எஃகு தப்பித்துக்கொள்ளும், அலுமினியம் அரித்துப்போகும். அன்றிலிருந்து நடுவில் ரப்பர் வாஷர், மரையில் கிரீஸ், கடலோரம் போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவல்.

பெட்டியைத் தாங்கும் ஸ்டே ஒரு பட்டறையில் செய்தது. 20,000 கிலோமீட்டரில் வெல்டிங் ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல், பெயின்ட் உரிந்து துருக்கோடு தெரிந்ததால் கண்ணில் பட்டது. திரும்ப வெல்டிங் வைக்காமல் கனமான குழாயில் புதிதாகவே செய்யச் சொன்னேன். கறுப்பு பெயின்ட் வேண்டாம், வெள்ளை அடியுங்கள் என்று சொல்லி வாங்கினேன். விரிசல் விட்டால் வெள்ளையில் துரு உடனே தெரியும். கிளம்பும் முன்னால் ஒரு துணியால் துடைத்து வெல்டிங் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்ப்பேன், ஐந்து நிமிஷம் ஆகும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் மூடியின் ரப்பர் பட்டையை மாற்றவேண்டும், இடது பெட்டியில் போன வாரம் கொஞ்சம் தண்ணீர் இறங்கியிருந்தது.