டிசைன் டேபிளில் டெலிகிராம் டெஸ்க்டாப்: செட்டிங்ஸைத் தொட்டால்தான் பலன்

சிவகாசியில் ஒரு டிசைன் சென்டரில் காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் லே-அவுட் செய்வது என் வேலை. ஆடிப்பெருக்கு அன்று புதுக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அன்றிலிருந்து டிசம்பர் கடைசிவரை வெளியூர் ஏஜென்ட் அண்ணாச்சிமார் அனுப்பும் மேட்டரும் (அச்சிட வேண்டிய வாசகம்), கடைப் படமும், லோகோவும் வந்துகொண்டே இருக்கும். சாதாரணப் பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்தான். ஆனால் ஃபைல் என்று வந்துவிட்டால், அதுவும் சிஸ்டத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு, டெலிகிராம் செயலியின் கம்ப்யூட்டர் பதிப்பான டெலிகிராம் டெஸ்க்டாப்தான் நான் கைகாட்டுவது. ஒரு நிபந்தனை: இறக்கியபடியே அதைப் பயன்படுத்தக் கூடாது. அரைமணி நேரம் செட்டிங்ஸில் செலவழித்தால்தான் அது வேலைக்கான கருவி ஆகும். இல்லாவிட்டால் வேலையைக் கெடுக்கும் இரைச்சல்தான் மிஞ்சும்.

முதலில் அதன் பெரிய பலத்தைச் சொல்லிவிடுகிறேன். 2 ஜிபி வரை ஒரே ஃபைலாக அனுப்பலாம், காசு கிடையாது. பிரீமியம் வாங்கினால் 4 ஜிபி. நாங்கள் அனுப்பும் பிரிண்ட் பிடிஎஃப் எதற்கும் 2 ஜிபி தாராளம். படத்தை இழுத்துச் சாட் மேல் கொண்டுபோனால் திரையில் இரண்டு பெட்டிகள் தெரியும். ஒன்றில் போட்டால் படம் சுருங்கி வேகமாகப் போகும், மற்றதில் போட்டால் சுருக்காமல் அப்படியே ஃபைலாகப் போகும். அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் இந்த இரண்டாவது பெட்டியை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்த சாமி படத்தை முதல் பெட்டியில் போட்டால், செல்போனில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். பிளேட் போட்டு அச்சில் ஏற்றினால் முகமெல்லாம் மங்கிவிடும். ஏஜென்ட்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான்: "அண்ணாச்சி, போட்டோவா அனுப்பாதீங்க, ஃபைலா அனுப்புங்க."

சரி, செட்டிங்ஸுக்கு வருவோம்.

எங்கே நிறுவுகிறோம் என்பதிலிருந்தே வேலை தொடங்குகிறது. வழக்கமான முறையில் நிறுவினால் தகவல் எல்லாம் சி டிரைவில் போய் உட்காரும். டிசைன் சென்டர்களில் சி டிரைவ் என்பது பெரும்பாலும் ஒரு சின்ன எஸ்எஸ்டி. கோரல் டிரா, ஃபோட்டோஷாப் போட்டதுமே மூச்சு முட்டும். அதனால் டெலிகிராம் தளத்தில் கிடைக்கும் போர்ட்டபிள் பதிப்பை எடுத்து டி டிரைவில் விரித்துக்கொள்வது நல்லது. எல்லாம் அந்த ஒரே ஃபோல்டருக்குள் இருக்கும், தன்னைத்தானே புதுப்பித்தும் கொள்ளும். ஆனால் ஒரு எச்சரிக்கை. அதற்குள் 'டிடேட்டா' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை ஒருவர் பென்டிரைவில் காப்பி எடுத்துப் போனால், பாஸ்கோடு இல்லாத பட்சத்தில் உங்கள் கணக்கு அவர் சிஸ்டத்தில் அப்படியே திறக்கும். தகவல் திருடும் வைரஸ்கள் குறிவைப்பதும் இதே ஃபோல்டரைத்தான். எனவே பிரைவசி பகுதியில் லோக்கல் பாஸ்கோடு போடுவதை விட்டுவிடாதீர்கள். போட்டுவிட்டால் கன்ட்ரோல், எல் இரண்டையும் சேர்த்து அழுத்தியதும் டெலிகிராம் பூட்டிக்கொள்ளும். டீ குடிக்கப் போகும்போது அழுத்திவிட்டு எழுந்தால் போதும். பாஸ்கோடு மறந்துபோனாலும் டெலிகிராம் சர்வரில் உள்ள சாட் எதுவும் போகாது, வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் எல்லாம் இருக்கும்.

அடுத்தது தானாக டவுன்லோடு ஆவது. அட்வான்ஸ்டு பகுதியில் தனிச் சாட், குரூப், சேனல் என்று மூன்றுக்கும் தனித்தனியாக இதை நிறுத்தலாம். நான் குரூப்பிலும் சேனலிலும் முழுக்க நிறுத்திவிட்டேன். தனிச் சாட்டில் படம் மட்டும் வரட்டும் என்று விட்டிருக்கிறேன். அங்கேயே பக்கத்தில் லோக்கல் ஸ்டோரேஜ் இருக்கிறது. மொத்தம் எவ்வளவு இடம் எடுக்கலாம், எவ்வளவு நாள் பழசானால் அழிக்கலாம் என்று இரண்டையும் நாமே வரையறுக்கலாம். ஒரு வாரம் என்று வைத்தாலும் பயமில்லை. இங்கே அழிவது சிஸ்டத்தில் இருக்கும் தற்காலிகப் பிரதி மட்டும்தான். அசல் டெலிகிராம் சர்வரில் இருக்கும், தேவைப்பட்டால் மறுபடி இறக்கலாம். போன வருஷம் வந்த லோகோவை அதே ஏஜென்ட் சாட்டில், புரொஃபைலைத் திறந்து, ஃபைல்கள் வரிசையில் தேடி எடுத்துவிடலாம். சீசன் நேரத்தில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். "போன தடவ அனுப்புனதுதான், அதையே போடுங்க" என்று ஏஜென்ட் சொல்லும்போது தைரியமாகச் சரி என்று சொல்லலாம்.

என்டர் சாவி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தொடக்கத்தில் என்டர் தட்டினால் செய்தி போய்விடும் என்றுதான் இருக்கும். பேச்சுக்கு அது சரி. பத்திரிகை மேட்டருக்குச் சரிவராது. மேட்டர் என்பது வரி வரியாக வருவது: மணமகன் பெயர் ஒரு வரி, படிப்பு ஒரு வரி, தாத்தா பாட்டி பெயர் ஒரு வரி, முகூர்த்த நேரம் ஒரு வரி. திருத்திய மேட்டரை வாடிக்கையாளருக்குத் திருப்பி அனுப்பும்போது ஒவ்வொரு என்டருக்கும் ஒரு துண்டு போனால், எந்த வரிக்கு அடுத்து எது என்று யாருக்கும் புரியாது. சாட் செட்டிங்ஸில் கன்ட்ரோல்+என்டர் அழுத்தினால்தான் அனுப்ப வேண்டும் என்று மாற்றும் வசதி இருக்கிறது. மாற்றியபின் என்டர் என்பது அடுத்த வரிதான். மேட்டர் முழுசாக ஒரே செய்தியாக நிற்கும், அனுப்புமுன் ஒருமுறை படித்துப் பார்க்கவும் அவகாசம் கிடைக்கும்.

திருத்தம் சொல்வதற்கு இன்னொரு வசதி 2023-இல் வந்தது. நீண்ட செய்தியில் ஒரு வரியை மட்டும் தேர்ந்தெடுத்து, அதை மேற்கோளாக வைத்துப் பதில் எழுதலாம். "இந்த இனிஷியல் 'சு'வா, 'ச'வா?" என்று அந்த வரியைக் காட்டியே கேட்கலாம். போனில் கேட்டு எழுதினால் வரும் குழப்பம் இதில் வராது. யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருவான பாமினியில் அடித்த மேட்டரைச் சாட்டில் ஒட்டி அனுப்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். அதற்கு டெலிகிராம் எதுவும் செய்ய முடியாது, கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்றித்தான் படிக்க வேண்டும்.

ஃபோல்டர்கள்தான் எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி. 2020-இல் வந்த வசதி. இலவசக் கணக்கில் 10 ஃபோல்டர் வைத்துக்கொள்ளலாம். இடது ஓரத்தில் வரிசையாக நிற்கும். நான் வைத்திருப்பது: காலண்டர் ஏஜென்ட்கள், பத்திரிகை, பிளேட் மற்றும் பிரஸ், வீடு. ஐந்தாவதாக ஒன்று, படிக்காத செய்திகளுக்கு மட்டும். ஃபோல்டர் உருவாக்கும்போது எதைச் சேர்க்க, எதை ஒதுக்க என்று சொல்லலாம். அதில் படித்ததையும், மியூட் செய்ததையும், ஆர்க்கைவ் செய்ததையும் ஒதுக்கிவிட்டால், பதில் சொல்ல வேண்டியவர்கள் மட்டும் அதில் நிற்பார்கள். பதில் சொல்லச் சொல்ல அந்தப் பட்டியல் காலியாகிக்கொண்டே வரும். கன்ட்ரோலோடு 1 அழுத்தினால் எல்லாச் சாட்களும், 2, 3 என்று அழுத்தினால் அடுத்தடுத்த ஃபோல்டர்களும் திறக்கும். கன்ட்ரோல்+0 நம் சொந்தச் 'சேவ்டு மெசேஜஸ்', அதாவது நமக்கு நாமே அனுப்பி வைத்துக்கொள்ளும் சாட். செல்போனில் எடுத்த படத்தைச் சிஸ்டத்துக்குக் கொண்டுவர இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. கேபிள் தேடும் வேலையே இல்லை.

நோட்டிஃபிகேஷன் பகுதியில் பலருக்குத் தெரியாத ஒரு படம் இருக்கிறது: சின்னதாக ஒரு மானிட்டர் வரைந்திருக்கும், அதன் நான்கு மூலைகளில் எதில் செய்தி எட்டிப் பார்க்க வேண்டும், ஒரே நேரத்தில் எத்தனை என்று அதிலேயே தேர்ந்தெடுக்கலாம். இதற்கு விண்டோஸின் சொந்த நோட்டிஃபிகேஷனைப் பயன்படுத்தும் விருப்பத்தை அணைத்திருக்க வேண்டும். கோரல் டிராவில் கலர் பேலட் வலது ஓரத்தில் நிற்பதால், இடது கீழ் மூலையை வைத்து, ஒன்றே ஒன்று போதும் என்று விட்டிருக்கிறேன். செய்தியின் வாசகம் தெரிய வேண்டாம், பெயர் மட்டும் தெரிந்தால் போதும் என்றும் வைக்கலாம். எங்களுக்கு இது கட்டாயம். வாடிக்கையாளர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து லே-அவுட் பார்த்துக்கொண்டிருப்பார், அந்த நேரத்தில் இன்னொருவரின் ரேட் விவரம் திரையில் எட்டிப் பார்க்கக் கூடாது. அப்புறம், மியூட் செய்த சாட்களையும் எண்ணிக்கையில் சேர்ப்பதை அணைத்துவிடுங்கள். தெரிந்தவர் யாராவது டெலிகிராமில் சேர்ந்தால் வரும் அறிவிப்பையும் அணையுங்கள். டாஸ்க்பாரில் தெரியும் எண்ணுக்கு அப்போதுதான் அர்த்தம் வரும்.

தீம் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நிறம் பார்த்து வேலை செய்பவர்கள் சாட் பின்னணியில் பளபளக்கும் கோலங்களை எடுத்துவிட்டு வெறும் சாம்பல் நிறம் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் பச்சையும் நீலமும் இருந்தால் முகத்தின் நிறத்தைக் கண் தப்பாக எடைபோடும். தமிழ் எழுத்து சிறிதாகத் தெரிந்தால் இன்டர்ஃபேஸ் ஸ்கேலை 125 அல்லது 150 சதவீதம் ஆக்கினால், புள்ளி இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியதில்லை.

இப்போது குறைகள். எங்கள் தொழிலுக்கு முக்கியமானது ஒன்று. தனிச் சாட்டில் அனுப்பிய செய்தியை 48 மணி நேரத்துக்குள் திருத்தலாம். பக்கத்தில் திருத்தப்பட்டது என்ற குறிப்பு மட்டும் வரும், முன்பு என்ன இருந்தது என்று தெரியாது. அழிப்பதற்கோ கால வரம்பே இல்லை. 2019-இலிருந்து தனிச் சாட்டில் யார் அனுப்பிய செய்தியையும் இருவரில் ஒருவர் இரண்டு பக்கமும் அழிக்கலாம். யோசித்துப் பாருங்கள்: முகூர்த்தம் 9 மணியிலிருந்து 10.30 வரை என்று வந்த மேட்டர், புரூஃபுக்கு (அச்சுக்கு முன் காட்டும் மாதிரிக்கு) 'ஓகே' என்று வந்த பதில், இரண்டும் நம்மிடம் இருக்கும் ஆதாரம். அவை மாறவோ மறையவோ முடியும் என்பது அச்சகத்துக்குப் பெரிய ஓட்டை. வழி இருக்கிறது. மேட்டரையும் ஓகே வந்த செய்தியையும் உடனே சேவ்டு மெசேஜஸுக்கு ஃபார்வர்டு செய்துவிட வேண்டும். அசல் அழிந்தாலும் அந்தப் பிரதி நிற்கும். பிளேட்டுக்கு அனுப்புமுன் இதைச் செய்வதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

சீசன் முடிந்ததும் சாட்டை எக்ஸ்போர்ட் செய்வதும் இதே காரணத்துக்காகத்தான். ஒரு ஏஜென்ட்டின் சாட்டைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுத்தால், தேதி வரம்பு, எந்த அளவு வரை ஃபைல்கள் வேண்டும் என்றெல்லாம் கேட்டு, பிரவுசரில் படிக்கிற மாதிரி ஹெச்டிஎம்எல்லாக இறக்கித் தரும். தேதி, நேரம், படம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். கணக்கு வழக்கில் சந்தேகம் வந்தால் இதைத் திறந்து காட்டினால் பேச்சு முடிந்தது.

இன்னொன்று பாதுகாப்பு. டெலிகிராமின் சாதாரணச் சாட்கள் முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிற பூட்டு) செய்யப்பட்டவை அல்ல. அந்தப் பாதுகாப்பு உள்ள சீக்ரெட் சாட் விண்டோஸ் பதிப்பில் கிடையாது. லோகோவுக்கும் லே-அவுட்டுக்கும் இது பிரச்சினை இல்லை. ஆதார் நகல், பேங்க் விவரம் மாதிரியானவற்றை இதில் அனுப்பச் சொல்லி நான் யாரையும் கேட்பதில்லை.

கடைசியாக, ஒரே கணக்கை இரண்டு மூன்று சிஸ்டத்தில் திறந்து வைக்கும் கடைகளுக்கு. அது முடியும், செல்போன் அணைந்திருந்தாலும் எல்லாச் சிஸ்டத்திலும் ஓடும், சீசனில் மிகவும் உதவும். ஆனால் ஆள் மாறும்போது கவனிக்க வேண்டும். செட்டிங்ஸில் டிவைசஸ் என்ற இடத்தில் எந்தெந்தக் கருவியில் கணக்கு திறந்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். தெரியாத கருவியை அங்கேயே வெளியேற்றலாம், பயன்படாமல் கிடப்பவை இத்தனை நாளில் தானாக வெளியேறட்டும் என்றும் வைக்கலாம். கூடவே டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்ற கூடுதல் பாஸ்வேர்டையும் போட்டுவிடுங்கள், எஸ்எம்எஸ்ஸில் வரும் எண் மட்டும் கிடைத்தவர் உள்ளே வர முடியாது.