மழைக்குப் படகை மூடுவதா: மும்பைப் பட்டறை ஒன்றின் சேவை

ஆண்டு முழுவதும் ஓடும் படகைக் கரையேற்றி மூட வேண்டுமா என்ற கேள்வி மும்பையில் குளிரைப் பற்றியது அன்று, மழையைப் பற்றியது. உறையும் நீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடைந்து எஞ்சின் பிளாக்கையே பிளந்துவிடும் நாடுகளுக்கு உறைதடுப்பான் அவசியம். எங்கள் பட்டறைக்காரர் அதையும் பில்லில் சேர்த்திருந்தார், கேட்டதும் அசடு வழிந்து நீக்கினார்.

மற்றபடி வேலை நேர்த்தி. எஞ்சினை நன்னீரில் ஓடவிட்டு, வெளியேறும் நீரை நாக்கில் தொட்டு உப்புக் கரிக்கிறதா என்று பார்த்த பிறகே நிறுத்தினார். கியர் எண்ணெய் மோர் நிறத்தில் வடிந்தபோதுதான் சீல் வழியாக நீர் புகுந்திருந்தது எனக்குத் தெரிந்தது. வாரந்தோறும் ஓடுகிற படகுதானே என்று விட்டிருந்தால் கியரே போயிருக்கும்.

மேற்குக் கரையில் மீன்பிடித் தடை நீடிக்கும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலான 61 நாட்களும் என் படகு இனிக் கரையில்தான். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதால் டேங்கில் என்ன செய்யலாம் என்று கேட்டேன். அதற்கு மட்டும் அவரிடமிருந்து தெளிவான பதில் வரவில்லை.