கெமிக்கல் பீல் போடப் போகிறவர்களுக்கு: என் இடது கன்னத்துக்கு நடந்தது

கெமிக்கல் பீல் என்றால் முகத்தில் ஆசிட் பூசித் தோலின் மேல்படலத்தை உரிக்கிற வைத்தியம். பெங்களூரில் அதற்குப் பணம் கட்டியிருக்கிறவர்களும் கட்டலாமா என்று யோசிக்கிறவர்களும் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு மார்ச் மாதம் போட்டார்கள். இடது கன்னத்தில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கறை இன்னும் இருக்கிறது.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு, அதாவது கருந்திட்டு, விழுந்தது. மே மாதம் வேலூரில் தங்கை கல்யாணம். அதற்குள் கொஞ்சம் குறையட்டும் என்று இந்திராநகரில் ஒரு ஸ்கின் கிளினிக்குக்குப் போனேன். அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, வரவேற்பில் இருந்த பெண், "அக்கா, நீங்க தமிழா? நான் கிருஷ்ணகிரி" என்றாள். காலையிலிருந்து கன்னடத்திலும் இங்கிலீஷிலும் நாளை ஓட்டிவிட்டு, நம் பேச்சு காதில் விழுந்தால் மனசு இளகிவிடும். அரை மணி நேரத்தில் ஆறு சிட்டிங்குக்கு 24,000 ரூபாய் கார்டில் கட்டிவிட்டேன்.

டாக்டர் என்று அவர்கள் சொன்னவர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். இரண்டு நிமிடம் முகத்தைப் பார்த்தார். "பீல் போட்டால் போய்விடும்" என்றார். ஒரு டேப்லெட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். நகல் எதுவும் தரவில்லை.

ராத்திரி முகத்துக்கு என்ன க்ரீம் போடுகிறீர்கள் என்று யாருமே கேட்கவில்லை. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ட்ரெட்டினாயின் க்ரீமை இரண்டு மாதமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அது தோலின் மேல்படலத்தை மெலிதாக்கும், அதன்மேல் ஆசிட் பட்டால் நினைத்ததைவிட ஆழமாக இறங்கிவிடும். அதனால் பீலுக்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்ல வேண்டும். முந்தின நாள்தான் மேலுதட்டில் த்ரெட்டிங் செய்திருந்தேன், அதையும் கேட்கவில்லை. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டீர்களா, உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருமா, கர்ப்பமாக இருக்கிறீர்களா என்பதெல்லாம் கேட்டே ஆக வேண்டிய கேள்விகள். ஒன்றுகூட வரவில்லை.

படுக்க வைத்தார்கள். சின்னக் கண்ணாடிக் கிண்ணம், ஒரு பிரஷ். தெரபிஸ்ட் நெற்றியில் ஆரம்பித்துக் கன்னம், தாடை என்று பூசிவிட்டு, கையில் ஒரு குட்டி ஃபேனைக் கொடுத்தாள். "கொஞ்சம் குறுகுறுன்னு இருக்கும் மேடம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். நேரம் குறித்த மாதிரி தெரியவில்லை. முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அப்புறம் இடது கன்னத்தில் மட்டும், சூடான தோசைக்கல்லை ஒட்டிவைத்த மாதிரி ஆனது. "எரியுதும்மா" என்று கூப்பிட்டேன். அங்கிருந்தே பதில் வந்தது: "ரெண்டு நிமிஷம் தாங்கிக்கோங்க, அப்பதான் வேலை செய்யும்."

தாங்கினேன்.

கழுவிவிட்டு அவள் கண்ணாடியைக் காட்டியபோது முகம் முழுக்கச் சிவப்பு. இடது கன்னத்தில் மட்டும் சாம்பல் கலந்த வெள்ளை, பூசணிக்காய் மேல் பூத்திருக்குமே, அந்த மாதிரி. "ஃப்ராஸ்ட் ஆயிருக்கு மேடம், நல்ல ரிசல்ட்" என்றாள். இந்த ஒரு வார்த்தைக்காகவே இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. வெள்ளை பூப்பது எல்லா ஆசிட்டுக்கும் ஒரே அர்த்தம் இல்லை. சாலிசிலிக் ஆசிட் பூசினால் அது காய்ந்து படிகமாக வெள்ளை படியும், அதில் பயமில்லை. டிசிஏ என்கிற ட்ரைக்ளோரோ அசிட்டிக் ஆசிட்டில் தோலின் புரதம் உறைந்து வெளுக்கும். எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை டாக்டர்கள் அந்த வெளுப்பை வைத்துத்தான் கணிக்கிறார்கள். எனக்குப் போட்டது கிளைகாலிக் ஆசிட். அதில் தோல் சிவந்ததுமே நிறுத்த வேண்டும். வெளுத்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். அது தானாக நிற்கவும் நிற்காது, சோடியம் பைகார்பனேட் கரைசலோ தண்ணீரோ போட்டு நிறுத்தியாக வேண்டும். எந்த இடம் சீக்கிரம் சிவக்கிறது என்று ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டிய வேலை இது.

மூன்றாம் நாள் அந்த இடம் காப்பிப் பொடி நிறத்தில் பொருக்காகி உரிந்தது. இரண்டு வாரத்தில், பழைய மங்கைவிடக் கருப்பாக ஒரு திட்டு. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். "உள்ளே இருக்கிற கருப்பு வெளியே வருது மேடம், அடுத்த சிட்டிங்கில் போயிடும்" என்று பதில் வந்தது. நல்லவேளை, அடுத்த சிட்டிங்குக்குப் போகவில்லை. அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனேன்.

அங்கே டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "என்ன ஆசிட்? எத்தனை சதவீதம்? எத்தனை நிமிஷம்?" பில்லில் கிளைகாலிக் பீல் என்று மட்டும் இருந்தது. மற்ற இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. முகத்தில் எதைப் பூசினார்கள் என்று முழுதாகத் தெரியாமல் ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் பொறுமையாக விளக்கினார். தோலை அதன் நிறத்தையும் வெயிலில் அது சிவக்கிறதா கருக்கிறதா என்பதையும் வைத்து ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் ஒன்று இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் நாலு, ஐந்தில் வருவோம். இந்தத் தோலில் காயமோ வீக்கமோ ஆறும்போது பெரும்பாலும் கறை விட்டுத்தான் ஆறும். என் கன்னத்தில் புதிதாக வந்தது மங்கு இல்லை, வெந்த இடத்தின் கறை. அதனால்தான் நம் நிறத்துக்குக் குறைந்த அளவில் ஆரம்பித்துச் சிட்டிங் சிட்டிங்காக ஏற்றுகிறார்கள். அதற்கு முன்னால் இரண்டு முதல் நாலு வாரம் க்ரீமும் சன்ஸ்க்ரீனும் போட்டுத் தோலைப் பழக்குகிறார்கள். மங்குக்கு முதல் வைத்தியமே வெயில் படாமல் பார்த்துக்கொள்வதும் டாக்டர் எழுதிக்கொடுக்கும் க்ரீமும்தான். பீல் அதற்குத் துணைக்கு மட்டும், அதுவும் வெயிலில் திரிந்தால் மங்கு திரும்பி வந்துவிடும். என்னிடம் கிளினிக்கில் இதில் ஒரு வரி சொல்லியிருந்தால் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது இதில் இறங்கியிருக்கவே மாட்டேன்.

கோட்டு போட்டவருக்குத் தோல் மருத்துவப் படிப்பே கிடையாது என்பதும் பிறகுதான் தெரிந்தது. எம்.டி. டி.வி.எல். அல்லது டி.டி.வி.எல். என்ற தோல் மருத்துவப் படிப்பு பெயருக்குப் பின்னால் இருக்கிறதா பாருங்கள். கர்நாடக மெடிக்கல் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். கிளினிக்குக்கு, 2007-ஆம் ஆண்டு கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி வாங்கிய பதிவுச் சான்றிதழ் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். பூசுவதற்கு முன் பாட்டிலைக் காட்டச் சொல்லிப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காட்டமாட்டோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். எரிச்சல் பொறுக்க முடியாமல் போனால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள், இன்னும் இரண்டு நிமிடம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பணத்துக்கு நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து 12,000 ரூபாய் திரும்ப வந்தது. சதவீதம் கேட்டதற்கு மட்டும் "கம்பெனி ஃபார்முலா, சொல்ல முடியாது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணம் முடிந்து இரண்டு வாரம் இருக்கும், கிருஷ்ணகிரிப் பெண் தன் சொந்த நம்பரிலிருந்து கூப்பிட்டாள். இப்போது அவள் அந்த வேலையில் இல்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். "அக்கா, மனசு கேட்கல. அந்த பாட்டில்ல 70 சதவீதம்னு போட்டிருந்துச்சு. எல்லாருக்கும் அதையேதான் போடுவாங்க" என்றாள். அடுத்த முறை போனபோது டாக்டரம்மாவிடம் சொன்னேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். அப்புறம் என் சீட்டில் எழுதினார்: கிளைகாலிக் 70, முதல் சிட்டிங், நேரம் தெரியவில்லை.