பால்வாடியோடு ஒன்பது வருஷம்

முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். மூத்தவள் வயிற்றில் இருந்தபோது சத்துமாவுப் பாக்கெட் வாங்க பால்வாடிக்குப் போக ஆரம்பித்தேன். சின்னவன் இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டான். ‘ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள்’ என்று 1975-இல் தொடங்கிய திட்டமாம். எங்களுக்கு அது பால்வாடிதான்.

முதலில் மாவு. கஞ்சி காய்ச்சினால் பிள்ளைகள் தொடாது. மாவிலேயே வெல்லம் கிடக்கிறது. அத்தை தேங்காய்ப்பூவும் ஏலக்காயும் போட்டு கொழுக்கட்டை பிடித்துக் கொடுத்தார்கள், தட்டு காலி. வாரம் மூன்று முட்டை, எடை பார்ப்பது, நர்ஸ் வந்து தடுப்பூசி போடுவது எல்லாம் ஊருக்குள்ளேயே முடிந்துவிடும். இதில் எனக்குக் குறையே இல்லை.

சின்னவனுக்கு இரண்டே கால் வயசாகியும் ‘ம்மா’வைத் தவிர பேச்சு வரவில்லை. “அவன் அப்பனே மூணு வயசுலதான் பேசினான், சும்மா இரு” என்றார்கள் அத்தை. டீச்சர் விடவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை பால்வாடிக்கு வரும் டாக்டர் குழுவிடம் காட்டினார். அவர்கள் சீட்டு எழுதி, காது பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

பெயர் வேண்டாம், அது ஓர் அரசு மருத்துவமனை. பிள்ளை தூங்கும்போதுதான் அந்தப் பரிசோதனையைச் செய்ய முடியும். இவன் பஸ்ஸில் தூங்கி, வாசலில் முழித்துக்கொண்டான். அன்று வெறுங்கையோடு திரும்பினோம். ஒரு நாள் போனால் பீடித்தட்டைத் தொட முடியாது, அன்றைய கூலி போச்சு. அடுத்த தடவை விடியற்காலை மூன்று மணிக்கே எழுப்பிவிட்டுக் கூட்டிப்போனேன். காதில் கோளாறு இல்லை. அப்புறம் வாரம் ஒரு நாள் பேச்சுப் பயிற்சி.

பயிற்சி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு மேஜையிலும் பிரசவத்திலிருந்து கதையை ஆரம்பிக்க வேண்டும். அங்கே சொன்னது பால்வாடிக்கு வராது, பால்வாடியில் பார்த்தது அங்கே போகாது. ஒருங்கிணைப்பு என்பது கடைசியில் இரண்டு இடத்திலும் சொன்னதை நான் எழுதி, என் பையில் வைத்திருந்த நாற்பது பக்க நோட்டுதான்.

அந்த நோட்டைப் பார்த்துத்தான் டீச்சர் மத்தியானம் தட்டை நீட்டாமல், “முட்டை வேணுமா, சோறு வேணுமா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க ஆரம்பித்தார். ஆயாவுக்குப் பொறுக்கவில்லை, “பச்சப்புள்ளைய ஏன் டீச்சர் ஏங்க விடுதீய?” என்பார். பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். ஒரு புதன்கிழமை ‘முத்த’ என்றான். டீச்சர் எனக்கு போன் போட்டு அவனைத் திரும்பச் சொல்லச் சொன்னார். வாயில் முட்டை, எங்கே சொல்ல?

காது பரிசோதனைக்குப் போகிறவர்கள் பஸ்ஸில் பிள்ளையைத் தூங்க விடாதீர்கள். நோட்டும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.