மங்கும் சிசிடிவி: லென்ஸைத் திருப்புவதா, கேமராவையே மாற்றுவதா?

மும்பை செம்பூரில் உள்ள எங்கள் ஹவுசிங் சொசைட்டியின் வாசலிலிருந்து சென்ற மழைக்காலத்தில் ஒரு ஸ்கூட்டர் காணாமல் போயிற்று. எட்டுக் கேமராக்களின் பதிவையும் உட்கார்ந்து பார்த்தோம். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவரின் நடையும் சட்டையின் நிறமும் தெரிந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத் திட்டு ஒன்றுதான் இருந்தது. அதன்பின் எங்கள் முன் மூன்று யோசனைகள் வந்தன. கேமரா விற்கும் கடைக்காரர் ஒருவர், எட்டையும் கழற்றிவிட்டு, கணினி வலையில் இணையும் 4 மெகாபிக்சல் ஐபி கேமராக்களைப் போடச் சொன்னார். தாராவியிலிருந்து வரும் டெக்னீஷியன் தம்பி, இருப்பதையே துடைத்து, ஃபோகஸ் வைத்து, காட்சியைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியின் அமைப்பைத் திருத்தினால் போதும் என்றார். கமிட்டி உறுப்பினர் ஒருவர், செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் பழைய பதிவையே தெளிவாக்கலாம் என்றார்.

மூன்றாவது யோசனையை முதலிலேயே விலக்கிவிடலாம். பதிவாகாத விவரத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அது தான் கற்ற ஆயிரம் முகங்களிலிருந்து ஒரு முகத்தை ஊகித்து வரைகிறது, அந்த முகம் சம்பந்தமே இல்லாத ஒருவருடையதாகவும் இருக்கலாம். மேலும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தியச் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு தரவேண்டிய சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பில் சிறிது மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்ணையும், குறிப்பிட வேண்டும். எனவே போலீஸாரிடம் கொடுப்பது டிவிஆரிலிருந்து எடுத்த மூலக் கோப்பாகவே இருக்க வேண்டும்.

மற்ற இரண்டில் எது என்று முடிவு செய்யுமுன், மங்கல் எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். செல்போனில் வருவது பெரும்பாலும் தரம் குறைத்து அனுப்பும் இரண்டாவது காட்சி (துணை ஒளியோடை) என்பதால், டிவிஆரோடு இணைத்த திரையிலேயே பார்ப்பது நல்லது. நேரடிக் காட்சி தெளிவாக இருந்து பதிவு மட்டும் கலங்கினால் கோளாறு டிவிஆர் அமைப்பில் இருக்கிறது. இரண்டுமே மங்கினால் கேமராவை மூடியிருக்கும் டோம் கண்ணாடியையோ ஃபோகஸையோ சந்தேகிக்கலாம். நிற்கும் பொருள் துல்லியமாகவும் நடப்பவர் மட்டும் இழுபட்டும் தெரிந்தால் அது ஷட்டர் வேகத்தின் குறை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்ளே விடும் நேரம் நீண்டுவிட்டது.

வாசல் கேமராவின் டோமைக் கழற்றியபோது நான் ஏணியடியில் நின்றிருந்தேன். வெளிப்புறத்தில் உப்புக் காற்று வெண்மையாகப் படிந்திருந்தது. உள்ளே லென்ஸைச் சுற்றியிருந்த கறுப்பு ஸ்பாஞ்ச் வளையத்தை விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. அந்த வளையம் டோமோடு ஒட்டி நின்றால்தான் பக்கத்திலுள்ள அகச்சிவப்பு விளக்கின் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி லென்ஸுக்குள் புகாமல் இருக்கும். அது போய்விட்டால் இரவுக் காட்சி முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். எங்கள் இரவுப் பதிவுகளின் குறையில் பாதி இந்த வளையத்தால் வந்தது என்பது என் கணிப்பு. டோமை உலர்ந்த துணியால் துடைத்தால் தூசியே கீறல் போட்டுவிடும் என்பதால் சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியுமே பயன்படுத்தினோம்.

ஃபோகஸ் வைப்பதற்காக, தினசரி காலண்டரின் தாள் ஒன்றைக் கிழித்து வாசல் கம்பியில் கட்டினோம். லென்ஸின் மரையில் ஒரு முழுச் சுற்றுக்கு அரை மில்லிமீட்டர்தான் நகர்வு. ஆகவே கால் சுற்றே பெரிய மாற்றம். "அண்ணாச்சி, தேதி தெரியுதா, கிழமையும் தெரியுதா?" என்று டெக்னீஷியன் தம்பி ஏணி மேலிருந்து கேட்டுக்கொண்டே இருக்க, நான் திரையைப் பார்த்து, "இன்னும் ஒரு நூல் இடப்பக்கம், தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பகலில் கிழமை வரை தெளிந்தது, இருட்டியதும் மறுபடி கலங்கியது. 850 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியும் ஒளி குவியும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளிக் குவிவதே இதற்குக் காரணம். இதைச் சமன்செய்யாத லென்ஸாக இருந்தால் இறுதி ஃபோகஸை இரவில் வைப்பதே சரி.

இவ்வளவு செய்தும் அந்த முகம் தெரிந்திருக்குமா என்றால், தெரிந்திருக்காது. அறிமுகமில்லாத ஒருவரை அடையாளம் காண அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்றும், ஏற்கெனவே தெரிந்தவரைக் கண்டுகொள்ள 125 வேண்டும் என்றும் ஐஈசி 62676-4 என்னும் சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்பு சொன்னது. எங்கள் 2 மெகாபிக்சல் கேமராவின் 2.8 மி.மீ. லென்ஸ், வாசலருகே சுமார் 16 மீட்டர் அகலத்தைக் காட்டியது; 1920 பிக்சல் அதில் பரவினால் மீட்டருக்கு 120தான். கடைக்காரர் சொன்ன 4 மெகாபிக்சல் கேமராவை அதே அகலத்துக்கு வைத்தால் 2560 பிக்சல் பரவி 160 ஆகும், அதுவும் போதாது. பழைய கேமராவிலேயே 6 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால் அகலம் ஏறக்குறைய 7.5 மீட்டராகச் சுருங்கி, மீட்டருக்கு 256 பிக்சல் கிடைக்கிறது. ஓரங்களை இழக்கிறோம், ஆனால் எங்கள் வாசலின் அகலம் 5 மீட்டர்தான். மெகாபிக்சலுக்குப் பணம் கொடுக்கும் முன் இந்த வகுத்தல் கணக்கை ஒவ்வொரு கேமராவுக்கும் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். டிவிஆர் 1080 லைட் முறையில் பதிவு செய்தால் அகலத்தில் 1920க்குப் பதில் 960 பிக்சலே சேமிக்கப்படும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

டிவிஆரில் இன்னொரு கணக்கும் எங்களுக்கு எதிராக இருந்தது. எட்டுக் கேமராக்களின் தொடர் பதிவை ஒரே 1 டெராபைட் ஹார்டு டிஸ்கில் 30 நாள் வைக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு 0.4 மெகாபிட் தரவுகூடக் கிடைக்காது. முகத்தின் கோடுகளெல்லாம் கட்டம் கட்டமாகக் கரைந்தது அதனால்தான். கமிட்டியில் 30 நாளை விட்டுக்கொடுக்கப் பலருக்கும் மனமில்லை. நெடுநேரம் பேசி 15 நாளுக்கு ஒத்துக்கொண்டார்கள். 4 டெராபைட் டிஸ்க் போட்டதும் வாசலின் இரண்டு கேமராக்களுக்கு 4 மெகாபிட்டும் மற்ற ஆறுக்கு 2.5 மெகாபிட்டும் ஒதுக்க முடிந்தது. புதிய கேமராக்களை அந்தப் பழைய டிஸ்கோடு இணைத்திருந்தால் பதிவு இதைவிட மோசமாகியிருக்கும்.

ஷட்டர் விஷயத்தில் மட்டும் இரு வழியும் ஒன்றே. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி, ஷட்டர் 1/25 நொடி திறந்திருக்கும்போது 33 செ.மீ. நகர்ந்துவிடும், 1/250 நொடி என்றால் 3.3 செ.மீ.தான். வேகமான ஷட்டருக்கு வெளிச்சம் வேண்டும், அதற்கு வாசலில் ஓர் எல்இடி விளக்கே போதுமானதாயிற்று.

எங்கள் செலவு, டிஸ்கும் லென்ஸும் கூலியும் சேர்த்து, எட்டுக் கேமராக்களையும் மாற்றுவதற்குச் சொன்ன தொகையில் சிறு பங்கே ஆயிற்று. ஆனாலும் கடைக்காரரின் யோசனையை முழுவதும் தள்ளிவிட முடியாது. மோட்டாரில் இயங்கும் 2.7 முதல் 13.5 மி.மீ. வரையிலான லென்ஸ் உள்ள கேமரா என்றால், ஏணி ஏறாமல் அறையிலிருந்தே கோணத்தையும் ஃபோகஸையும் மாற்றலாம். அடுத்த பட்ஜெட்டில் வாசலுக்கு அப்படி ஒன்று வாங்க வேண்டும் என்று நானே கேட்டிருக்கிறேன். பின்புறச் சுவரிலிருந்த கேமராவில் மழைநீர் இறங்கி சர்க்யூட் போர்டு பச்சை பூத்திருந்தது. அதைத் தம்பி கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மூடியைக்கூடத் திருப்பி மாட்டவில்லை. அந்த ஒன்றுக்கு மட்டும் புதியது வாங்கினோம்.