ஐந்து பகுதி வாங்கினோம், இரண்டுதான் உழைக்கிறது

கொழும்பில் தனியார் வைத்தியசாலையில் ஒரு தடவையாவது படுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். காலை எட்டரைக்கு டொக்டர் வந்து, சிரித்து, "இண்டைக்கு வீட்ட போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். நீங்கள் உடுப்பு மாற்றி, பையைக் கட்டி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். பதினொன்றாகும், ஒன்றாகும், மூன்றாகும். "பில் இன்னும் வரேல்லை" என்பார்கள். ஐந்து மணிக்கு, காலி வீதியில் வாகனங்கள் அசையாமல் நிற்கிற நேரம் பார்த்து பில் வரும். அந்தப் பில்லைத் தயாரிக்கிற பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆள் நான். நடுத்தர அளவு வைத்தியசாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை.

போன வருடம் ஒரு மென்பொருள் வாங்கினோம். நோயாளியைப் பதியும் நிமிடத்திலிருந்து அவருடைய கடைசி ரூபா வங்கிக் கணக்கில் விழும் வரைக்குமான முழுச் சுற்றையும், அதாவது இந்தத் துறையில் ரெவனியூ சைக்கிள் என்று சொல்வதை, தரவை வைத்துக் காட்டும் என்றார்கள். பெயரைச் சொல்ல மாட்டேன், ஒப்பந்தம் இன்னும் ஓடுகிறது. வெளிநாட்டுத் தயாரிப்பு. பதிவு மேசை, வாட், ஆய்வுகூடம், மருந்தகம், ஒப்பரேஷன் தியேட்டர், கணக்கு என்று எல்லா இடத்துத் தரவையும் ஒவ்வொரு இரவும் இழுத்து எடுத்து, காலையில் திரையில் படமாகப் போடும். ஐந்து பகுதிகள் உண்டு, ஐந்தையும் வாங்கினோம். கட்டில் எண்ணிக்கைப்படி மாதக் கட்டணம், அதுவும் டொலரில்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டிஸ்சார்ஜ் கடிகாரம் என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் பகுதி. பார்த்தால் வெறும் அட்டவணை, அழகே கிடையாது. டொக்டர் பி.எச்.ரியில், அதாவது நோயாளியின் கட்டில் கோவையில், கையெழுத்து வைத்தது எத்தனை மணி, வாட்டிலிருந்து மிச்ச மருந்து மருந்தகத்துக்குத் திரும்பியது எத்தனை மணி, மருந்தகம் அதை ஏற்றுக்கொண்டது எத்தனை மணி, கடைசி ரிப்போர்ட் வந்தது, டொக்டர் சார்ஜ் பதிவானது, பில் மூடியது, காசு கட்டியது. அவ்வளவுதான். ஆனால் இரண்டு கிழமை இதைப் பார்த்ததில், வருடக்கணக்காக நாங்கள் செய்துகொண்டிருந்த சண்டை அடங்கிவிட்டது. வாட்டில் கேட்டால் கணக்குப் பிரிவு தாமதம் என்பார்கள், நாங்கள் வாட் தாமதம் என்போம், இரண்டு பேரும் சேர்ந்து காப்புறுதிக் கம்பனியைத் திட்டுவோம். அட்டவணையில் பார்த்தால் நேரம் போனது வேறு இரண்டு இடங்களில்.

ஒன்று மருந்தகம். பாவிக்காத ஊசி மருந்து, சேலைன் எல்லாம் திரும்பி வந்து கழிக்கப்பட்டால்தான் பில்லை மூட முடியும். வாட்டில் அதை டிஸ்சார்ஜ் என்று சொன்ன பிறகுதான் எண்ணத் தொடங்குவார்கள். காலை பத்து மணிக்கு எல்லா வாட்டிலிருந்தும் கூடை கூடையாக ஒரே ஜன்னலுக்கு வரும், அங்கே இருப்பது இரண்டு பேர். அடுத்தது டொக்டர் சார்ஜ். இங்கே பெரிய சத்திரசிகிச்சை நிபுணர்களில் பலர் பகலில் அரச வைத்தியசாலையில் இருப்பவர்கள், மாலையில்தான் தனியார் பக்கம் வருவார்கள். நோயாளியின் பில்லில் தன் கட்டணம் எவ்வளவு என்று அவர் சொல்லவேண்டும். நாங்கள் கேட்கிற நேரம் அவர் தேசிய வைத்தியசாலையில் தியேட்டருக்குள் நிற்பார், தொலைபேசியை எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாது. ஆக ஒரு நோயாளி நாலு மணித்தியாலம் காத்திருந்தது ஒரு இலக்கத்துக்காக.

இரண்டையும் சரிசெய்தது மென்பொருள் இல்லை. தியேட்டர் பட்டியல் போடும்போதே கட்டணத்தையும் எழுதி வாங்கிவிடுவது, நாளைக்குப் போகப்போகிறவர்களின் மருந்தை முதல்நாள் இரவே எண்ணிவிடுவது, இப்படி நாங்கள்தான் வழி கண்டுபிடித்தோம். ஆனாலும் எங்கே பார்க்கவேண்டும் என்று காட்டியதற்கே அந்தப் பகுதிக்குக் கொடுத்த காசு சரி என்பேன்.

உழைக்கிற இரண்டாவது பகுதி, விட்டுப்போன கட்டணங்களைப் பிடிப்பது. தியேட்டர் பதிவேட்டில் இருப்பதும் பில்லில் இருப்பதும் பொருந்துகிறதா என்று ஒப்பிடும். ஒட்சிசன் மணித்தியாலம், பொருத்திய தகடும் திருகும், மயக்க மருந்து நிபுணரின் கட்டணம். இதோடு கொள்வனவு விலையையும் பில் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நட்டத்துக்கு விற்கிற பொருளைச் சிவப்பில் காட்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா சொச்சம், மே மாதத்தில் 360ஐத் தாண்டிவிட்டது. ஸ்டென்ட், ஆய்வுகூட இரசாயனம், கையுறை எல்லாமே இறக்குமதி. வாங்குகிற விலை கிழமைக்குக் கிழமை ஏற, எங்கள் விலைப்பட்டியல் மட்டும் ஜனவரியிலேயே நின்றது. கணக்காய்வில்தான் தெரிந்தது, அதுவும் பல மாதம் கழித்து. அன்றைக்கு இந்தச் சிவப்பு நிறம் இருந்திருந்தால் என்று இப்போதும் நினைப்பதுண்டு.

ஆனால் இதே பகுதியில்தான் என்னுடைய மிகப் பெரிய முறைப்பாடும். விட்டுப்போன வருமானத்தைப் பச்சை எழுத்தில், பெரிதாக, முதல் பக்கத்திலேயே போடுகிறது. ஒரே பொருளை இரண்டு தடவை பில் பண்ணியிருந்தால், திருப்பி அனுப்பிய மருந்தைக் கழிக்காமல் விட்டிருந்தால், அதைக் காட்டவே காட்டாது. தரவு அதே தரவுதான், கணக்கைத் திருப்பிப் போட்டால் போதும். நான் கேட்டபோது விற்பனைப் பக்கத்து ஆள் சிரித்துக்கொண்டு, "இதுவரைக்கும் ஒருவரும் கேட்கவில்லை" என்றார். அதைக் கேட்க எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு எங்கள் ஐ.ரி. தம்பி ஒருவர் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். முதல்நாள் ஓடவிட்டபோது வந்த பட்டியலில் ஒருவர் கொட்டாஞ்சேனைக்காரர், வயதானவர். கூப்பிட்டுக் காசைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் எங்களை நம்பாமல் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். வைத்தியசாலையிலிருந்து கூப்பிட்டுக் காசு தருகிறார்கள் என்றால் யார்தான் நம்புவார்கள்?

சரி, காப்புறுதிப் பகுதிக்கு வருவோம். டெமோவில் இதுதான் எல்லாரையும் மயக்கியது. அமெரிக்காவில், காப்புறுதிக் கம்பனியிடம் வைத்தியசாலை பணம் கேட்கும் கோரிக்கை 837 என்ற மின்னணுக் கோப்பாகப் போகும், பதில் 835 ஆக வரும், ஏன் மறுத்தார்கள் என்பது குறியீட்டோடு உள்ளேயே இருக்கும். ஆகவே எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பணம் மறுக்கப்பட்டது என்று ஒரு தட்டில் வந்துவிடும். எங்களுக்கோ கோரிக்கை ஸ்கேன் பண்ணி மின்னஞ்சலில் போகிறது, சிலவேளை மோட்டார் சைக்கிளில் கோவையாகப் போகிறது. பதில் கடிதமாக வரும், அல்லது தொலைபேசியில் வரும்: "மிஸ், டயக்னோசிஸ் கார்ட்டில கையெழுத்து இல்லை." இதைக் கேட்டு ஒருவர் பட்டியலிலிருந்து காரணத்தைத் தெரிவு செய்யவேண்டும். பட்டியலில் இருந்ததெல்லாம் அமெரிக்கக் காரணங்கள். பில்லிங்கில் இருக்கும் பிள்ளை ஒருநாள் வந்து, "மிஸ், இதில எதைப் போடுறது? ஒண்டும் பொருந்தேல்லையே" என்று கேட்டாள். அவள் கேட்டாள், மற்றவர்கள் கேட்காமலேயே "மற்றவை" என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதம் எங்கள் வட்டப்படம் முழுக்க ஒரே நிறம்.

பிறகு பட்டியலை எட்டுக் காரணமாகக் குறைத்து, "மற்றவை" என்பதையே தூக்கிவிட்டோம். அப்புறம் வந்த படம் எங்களுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பெரும்பாலான தாமதம் எங்கள் பக்கத்துப் பிழை. காப்புறுதிக் கம்பனி தந்த உத்தரவாதக் கடிதத்தில் இருக்கும் தொகையைப் பில் தாண்டியபோது கூடுதல் அனுமதி கேட்காமல் விட்டது, நோயாளியை வாட்டில் அனுமதித்த செய்தியைப் பிந்தி அனுப்பியது, கையெழுத்தில்லாத கார்ட். இந்தப் பகுதி பயனில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த எட்டுக் காரணத்தையும் எக்ஸலில் போட்டிருந்தாலும் இதே விடைதான் வந்திருக்கும், டொலர் கொடுத்திருக்கத் தேவையில்லை.

நிலுவைப் பகுதியில் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது, வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவேண்டும். நிலுவை எத்தனை நாள் நிற்கிறது என்பது எளிய கணக்கு: வரவேண்டிய தொகையை ஒருநாள் வருமானத்தால் வகுப்பது. டொக்டர் சார்ஜ் வைத்தியசாலையின் வருமானம் இல்லை, நாங்கள் வாங்கி அவருக்குக் கொடுப்பது. இந்த மென்பொருள் அதை நிலுவையிலிருந்து கழித்துவிட்டது, வருமானத்தில் அப்படியே விட்டுவிட்டது. உதாரணத்துக்கு, டொக்டர் சார்ஜ் கழித்த நிலுவை 6 கோடி, மாதம் பில் 6 கோடி, அதில் டொக்டர்களுக்குப் போவது 2 கோடி என்று வையுங்கள். திரை 30 நாள் என்று காட்டும். உண்மை 45. பணிப்பாளர் சபைக்கு 30 நாள் என்று படம் போட்டுக் காட்டினால் எல்லாரும் கைதட்டுவார்கள், வங்கி மேலதிகப்பற்று மட்டும் குறையாது. அந்த வித்தியாசம் சும்மா இல்லை. 2023 மார்ச்சில் மத்திய வங்கி துணைநில் கடன்வழங்கல் வசதி வீதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை, 16.5 வீதம் ஆக்கியது ஞாபகம் இருக்கும். ஒரு கோடி ரூபா 60 நாள் வெளியில் நின்றால், 16 வீதத்துக்குக் கணக்குப் பார்த்தாலே வட்டி 2 லட்சத்து 63 ஆயிரம். சூத்திரத்தைத் திருத்தித் தந்தார்கள், அதற்கு ஏழு மின்னஞ்சல் போனது.

ஆள் பொருத்தமும், அதாவது ஒரே நோயாளியின் பதிவுகளை ஒன்றுசேர்ப்பதும், தலையிடிதான். எங்கள் ஊரில் ஒருவர் முதல் தடவை முழுப்பெயரில் வருவார், அடுத்த தடவை இனிஷியலோடு வருவார். ஒரே தமிழ்ப் பெயரைச் சிங்களப் பிள்ளை ஒரு மாதிரி ஆங்கிலத்தில் எழுதுவாள், தமிழ்ப் பிள்ளை வேறு மாதிரி எழுதுவாள். அடையாள அட்டையை வைத்துச் சேர்க்கலாம் என்றால், பழையது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், 2016இலிருந்து வருவது பன்னிரண்டு இலக்கம். பழையதின் முன்னால் 19 போட்டு, ஐந்தாவது இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியம் சேர்த்து, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் புதியது வந்துவிடும். இவ்வளவு சின்ன விஷயம்கூட மென்பொருளுக்குத் தெரியாததால், ஒரே ஆள் கட்டிய முற்பணம் ஓர் இடத்திலும் நிலுவை இன்னோர் இடத்திலும் கிடந்தது.

எதிர்வுகூறும் பகுதியைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ஏப்ரல் 14ஆம் திகதி வாட் நிரம்பும் என்று சொன்னது. புதுவருடத்துக்குக் கொழும்பே காலியாகிவிடும், தள்ளிப்போடக்கூடிய ஒப்பரேஷனுக்கு அன்றைக்கு யார் வருவார்கள்? போயா தினம் என்று ஒரு பௌர்ணமி விடுமுறை மாதாமாதம் வருவதும் அதற்குத் தெரியாது. டெங்கு மழையோடு வருவதும் தெரியாது. 2017இல் நாடு முழுக்க ஒரு லட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று பதிவான வருடத்தைப் பார்த்த வாட் சிஸ்டர்மார் எங்களிடம் இருக்கிறார்கள். ஜன்னலால் வானத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் சொல்வது இதைவிடச் சரியாக இருக்கிறது.

பாதுகாப்பு விஷயத்தில் ஒன்றைச் சரியாகச் செய்தோம். தரவின் பிரதியை மட்டும்தான் இரவில் கொடுக்கிறோம், பெயரை மறைத்து, இலக்கத்தோடு. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இன் 9ஆம் இலக்கமாக வந்துவிட்டது என்பது ஒரு காரணம். இன்னொன்று, 2024 பெப்ரவரியில் அமெரிக்காவில் சேஞ்ச் ஹெல்த்கேர் மீது நடந்த, தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வெயார் தாக்குதல். அந்த ஒரு நிறுவனம் விழுந்ததும் நாடு முழுக்க வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் கோரிக்கை அனுப்ப வழியில்லாமல் நின்றன. எங்களுடையது விழுந்தால் காலையில் படம் மட்டும் வராது, பில் வழமைபோலப் போய்க்கொண்டிருக்கும்.

யாருக்கு வாங்கச் சொல்வேன்? இருபது கட்டில் என்றால் வேண்டாம். ஒரு கொப்பியில் டிஸ்சார்ஜின் நாலு நேரத்தை மூன்று மாதம் எழுதிப் பாருங்கள். பெரிய இடம் என்றால் வாங்கலாம், ஆனால் முதலில் உங்கள் விலைப்பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். எங்களிடம் ஒரே ஊசிக்கு மூன்று குறியீடு இருந்தது. வற் வரி 2024 ஜனவரியில் 15இலிருந்து 18 வீதம் ஆனபோது ஓர் இடத்தில் மாற்றி இன்னோர் இடத்தில் மாற்றாமல் விட்ட வரலாறும் உண்டு. அந்தக் குப்பையை உள்ளே போட்டால் குப்பைதான் படமாக வரும். அப்புறம், ஐந்தில் இரண்டை மட்டும் வாங்குங்கள், கட்டணத்தை ரூபாவில் எழுதி வாங்குங்கள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும், மூன்று பகுதியைக் கழற்றச் சொல்லியிருக்கிறோம். திருப்பிக் கொடுக்கவேண்டிய காசின் பட்டியலை முதல் பக்கத்தில் போடச் சொல்லியும் கேட்டேன், அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்கிறார்கள். இப்போது பெரும்பாலான நாட்களில் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் பில் கைக்கு வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழைய கதைதான், அன்றைக்கு மருந்தகத்தில் ஒருவர்தான் இருப்பார்.